காய் பொறுக்கும் கண்ணும் கம்ப்யூட்டர் கண்ணும்

(பண்ணை வானொலி நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு வேலையாகப் போடிநாயக்கனூர் போனவன், தெரிந்த வியாபாரி ஒருவருடைய ஏலக்காய்க் கிட்டங்கியை எட்டிப் பார்த்தேன். முன்பெல்லாம் அங்கே நுழைந்தால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சொளகில் காயைப் பரப்பி வைத்துக்கொண்டு, பேச்சும் சிரிப்புமாக ரகம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். இந்தத் தடவை ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மெஷின் நின்றுகொண்டிருந்தது. மேலே காயைக் கொட்டுகிறார்கள். கீழே நல்ல காய் ஒரு பக்கம், கழிவுக் காய் ஒரு பக்கம் என்று பிரிந்து விழுகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

அவர்களில் மூத்தவர், அறுபது வயதைத் தாண்டியவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏந் தம்பி, மெஷினுக்குக் கையும் காலும் இருந்துச்சு, சரி. இப்பக் கண்ணும் வந்துருச்சு. இனிமே எங்க கண்ணுக்கு என்ன வேலை?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றைய பேச்சு அந்த அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில்தான். ஏலத் தோட்டம் இல்லாதவர்கள், நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். நெல் போடுகிறவருக்கும், வாழை போடுகிறவருக்கும், பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கிறவருக்கும் இதில் சங்கதி இருக்கிறது.

மெஷினுக்குக் கண் வந்தது எப்படி?

நம் தகப்பன் காலத்தில் கமலை கட்டித் தண்ணீர் இறைத்தோம். பிறகு ஆயில் இன்ஜின் வந்தது. அதன் பிறகு கரண்ட் மோட்டார் வந்தது. மாடு போட்ட பலத்தை மோட்டார் போட்டது. ஆனால் எந்த வயலுக்கு எப்போது மடை திறக்க வேண்டும் என்று முடிவு செய்தது நாம்தான். இத்தனை நாளாக மெஷின் என்றால் உடம்புப் பாட்டை வாங்கிக்கொள்வது என்றுதான் அர்த்தம். இப்போது வந்திருப்பது வேறு சாதி. இது பார்க்கிறது, ஒப்பிடுகிறது, "இது நல்லது, இது சொத்தை" என்று தீர்ப்புச் சொல்கிறது. இதைத்தான் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். சுருக்கமாக ஏ.ஐ.

இது எப்படிக் கற்றுக்கொள்கிறது? ஒரு மாட்டுத் தரகரை நினைத்துப் பாருங்கள். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடையைப் பார்த்து விலை சொல்கிறார். அவருக்கு யாரும் புத்தகம் வைத்துப் பாடம் சொல்லித் தரவில்லை. சந்தை சந்தையாக ஆயிரக்கணக்கான மாட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. மெஷினுக்கும் அதே வழிதான். ஆயிரக்கணக்கான காய்களின் படங்களைக் காட்டி, "இது முதல் ரகம், இது வெடிப்புக் காய், இது பழுத்து வெளுத்தது, இது இலைப்பேன் தாக்கிச் சொரசொரப்பு விழுந்தது" என்று மனிதர்கள் பெயர் சொல்லிக் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் அந்தப் படங்களுக்குள் இருக்கும் நிறம், வடிவம், புள்ளி இவற்றின் ஒற்றுமையைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து ஒரு புதுக் காய் வந்தால், முன்னே பார்த்ததில் எதற்கு இது பக்கத்தில் வருகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது.

கிட்டங்கியில் இருக்கும் மெஷினில் காய் சரிவான தகட்டில் வழுக்கி விழுகிறது. விழும்போதே கேமரா ஒவ்வொரு காயையும் பார்க்கிறது. கழிவு என்று கம்ப்யூட்டர் முடிவு செய்தால், கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஒரு ஊசித் துவாரத்திலிருந்து காற்று அடித்து அந்தக் காயை மட்டும் விலக்கித் தள்ளிவிடுகிறது. பழைய மெஷின்களில் நிறத்துக்கு ஓர் அளவை முறுக்கி வைத்துவிடுவார்கள். அந்த அளவுக்கு மேலே, கீழே என்றுதான் அவை பிரிக்கும். புதியவை மாதிரிக் காய்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. வித்தியாசம் இதுதான்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். மெஷினுக்குப் பாடம் சொன்னது யார்? காய் பொறுக்கிப் பழகிய கண்தான். இருபது முப்பது வருஷம் சொளகு பிடித்த பெண்கள் எதை நல்ல காய் என்றார்களோ, அதைத்தான் மெஷின் நல்ல காய் என்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

எந்த வேலை போகும், எந்த வேலை நிற்கும்?

"ஏ.ஐ. வந்தால் எல்லா வேலையும் போய்விடும்" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். "ஒன்றும் ஆகாது" என்று சிலர் தட்டிக் கழிக்கிறார்கள். இரண்டும் சரியில்லை. ஒரு தொழிலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஏலக்காயையே எடுத்துக்கொள்வோம்.

முதல் துண்டு, செடியில் காய் எடுப்பது. நம் பக்கத்திலிருந்து கம்பம் மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக விடியற்காலை ஜீப் ஏறி எத்தனையோ பெண்கள் மலைக்குப் போகிறார்கள். ஏலச்செடியில் காய் தூரடியில் சரம் சரமாகப் பிடிக்கும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் காய்ந்த பிறகு சுருங்கிப் போகும். விட்டுவிட்டால் பழுத்து வெடிக்கும். அதனால் சில வாரத்துக்கு ஒரு முறை என்று பல சுற்று எடுக்கிறோம். சரிவு நிலம், மர நிழல், ஈரத் தரை. இங்கே குனிந்து, இலையை ஒதுக்கி, விரலால் தொட்டு எடுக்கும் வேலையை ஒரு மெஷின் கட்டுபடியாகிற செலவில் செய்வதற்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

இரண்டாவது துண்டு, ஸ்டோரில் உலர்த்துவது. சுமார் ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகும். சூடு ஏறினால் பச்சை நிறம் போய்விடும். குறைந்தால் காய் மக்கும். ஈரத்தையும் சூட்டையும் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிகள் வந்துவிட்டன. ராத்திரி கண் விழித்து அடுப்பைப் பார்க்கும் ஆளின் வேலையில் பாதி இதில் குறையும்.

மூன்றாவது, சல்லடையில் அளவு பிரிப்பது. எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று பிரிக்கும் சல்லடை மெஷின் பழைய சங்கதி. நான்காவது, நிறமும் குறையும் பார்த்துப் பொறுக்குவது. இதில்தான் இப்போது கம்ப்யூட்டர் கண் நுழைந்திருக்கிறது.

ஐந்தாவது, ஏலம். போடியில் ஒரு காலத்தில் வாயால் கூவித்தான் ஏலம் விட்டார்கள். 2007-இல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்கி விலை கேட்கிறார்கள். கூவுகிற குரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் இன்றைக்கும் வியாபாரி ஒவ்வொரு லாட்டின் மாதிரியையும் கையில் வாங்கி, காயை உடைத்து உள்ளே விதை கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் விலை கேட்கிறார். முகர்கிற மூக்கு போகவில்லை.

பார்த்தீர்களா? ஒரே தொழிலில் ஒரு துண்டு போகிறது, ஒரு துண்டு பாதியாகிறது, ஒரு துண்டு அப்படியே நிற்கிறது. ஒரே மாதிரியாக, ஒரே இடத்தில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் பார்த்துச் செய்யும் வேலைதான் முதலில் போகிறது. இடத்துக்கு இடம், செடிக்குச் செடி மாறுகிற வேலை நிற்கிறது. திராட்சையில் கவாத்து வெட்டுகிறவரைப் பாருங்கள். ஒவ்வொரு கொடியின் பருமனையும் மொட்டையும் பார்த்து, எங்கே வெட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்கிறார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கம்பம் பன்னீர் திராட்சையின் விளைச்சல் அவர் கத்தியில்தான் இருக்கிறது. அந்தக் கத்தி அவ்வளவு சீக்கிரம் கை மாறாது.

அறுப்பு மெஷின் சொன்ன பாடம்

இதற்கு முன்னாலும் நம் பள்ளத்தாக்கு இந்த மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிற பூமி இது. அறுப்பு என்றால் ஒரு திருவிழாக் கூட்டம் இறங்கும். அறுக்கிறவர், கட்டுத் தூக்குகிறவர், களத்தில் அடிக்கிறவர், தூற்றுகிறவர் என்று எத்தனை வீட்டில் அந்த நெல்லால் அடுப்பு எரிந்தது! அறுவடை மெஷின் வந்தது. ஒரு ஏக்கர் அறுப்பு ஒரு நாள் பாடாக இருந்தது போய் மணிக் கணக்கில் முடிகிறது. நிலக்காரருக்கு ஆள் தேடுகிற கவலை விட்டது. மழைக்கு முன்னால் நெல் வீடு வந்து சேர்ந்தது. அது நன்மைதான். மறுக்கவில்லை.

ஆனால் கூலி நெல் வாங்கி வருஷத்தை ஓட்டிய பெண்களுக்கு அதற்குப் பதிலாக யாரும் ஒன்றும் தரவில்லை. மெஷின் ஓட்டிய டிரைவர்களிலும் பெரும்பாலோர் வெளி மாவட்டத்துக்காரர்கள். வாடகைப் பணமும் வெளியே போயிற்று. நம் ஊர் இளைஞன் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தான். மெஷின் வந்தது தப்பில்லை, ஐயா. வேலையை இழந்தவர்களில் ஒருவரைக்கூட மெஷின் பக்கத்தில் கொண்டு போய் நிறுத்தாமல் விட்டதுதான் தப்பு. அதே தப்பை இன்னொரு தடவை செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

உலகம் என்ன சொல்கிறது?

நம் ஊர்க் கிட்டங்கியில் நடப்பதுதான் உலகம் முழுக்க வேறு வேறு வேஷத்தில் நடக்கிறது. சர்வதேச நிதி நிறுவனமான ஐ.எம்.எஃப். 2024 ஜனவரியில் ஒரு கணக்குச் சொன்னது. உலகத்தில் இருக்கும் வேலைகளில் 100-க்கு சுமார் 40 வேலைகளை ஏ.ஐ. தொடும். பணக்கார நாடுகளில் 60, இந்தியா போன்ற வளரும் நாடுகளில் 40, ஏழை நாடுகளில் 26. தொடும் என்றால் போய்விடும் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். சிலருக்கு அது கைக்கு உதவும் கருவி. சிலருக்கு வயிற்றில் அடி. யாருக்கு எது என்பது அவரவர் செய்யும் வேலைத் துண்டைப் பொறுத்தது.

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமான ஐ.எல்.ஓ. 2023-இல் ஆராய்ந்து, அதிகமாக அடிபடக்கூடியது குமாஸ்தா வேலை என்றது. கணக்கு எழுதுவது, கடிதம் அடிப்பது, பட்டியல் போடுவது, போனில் பதில் சொல்வது. இந்த வேலைகளில் பெண்கள் அதிகம் என்பதால் அவர்களுக்குப் பாதிப்பும் அதிகம் என்றது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? "வெயிலில் கஷ்டப்படாதே, படித்து ஃபேன் காற்றுக்குக் கீழே வேலை பார்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். நிலத்தை அடமானம் வைத்து இன்ஜினியரிங் சேர்த்தோம். இந்த மெஷின் முதலில் தேடிப் போவதே ஃபேன் காற்றுக்குக் கீழே இருக்கும் வேலையைத்தான். 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி என்ற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ஏ.ஐ. காரணம் இல்லை, புதிய வேலைக்குத் திறமை பொருந்தவில்லை என்று கம்பெனி விளக்கம் சொன்னது. எப்படிச் சொன்னாலும் ஒன்று தெரிகிறது. ஒரு தடவை படித்து வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு அறுபது வயது வரை ஓட்டிவிடலாம் என்ற காலம் போய்விட்டது.

என் வேலையும் தப்பவில்லை

ஊருக்கு உபதேசம் பண்ணுகிற இவன் வேலை என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். செடியில் புள்ளி விழுந்தால் முன்பு என்னைத் தேடி வருவீர்கள். இப்போது போனில் படம் பிடித்து அனுப்பினால் போனே பதில் சொல்கிறது. 2024 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை என்று ஒன்றைத் தொடங்கியது. பூச்சியின் படத்தை அனுப்பினால் ஏ.ஐ. அடையாளம் சொல்லும். 2023-இல் பி.எம். கிசான் உதவித்தொகை சந்தேகங்களுக்குக் குரலிலேயே பதில் சொல்லும் 'கிசான் இ-மித்ரா' வந்தது. தமிழிலும் கேட்கலாம்.

இவை உபயோகமானவை. மக்காச்சோளத்தில் படைப்புழு 2018-இல் தமிழ்நாட்டுக்குள் வந்தபோது, எந்தப் புழு என்று தெரியாமல் எத்தனை பேர் வீண் மருந்து அடித்தார்கள்! தலையில் கவிழ்த்துப் போட்ட ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரிக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளி. இதைப் போன் நொடியில் சொல்லிவிடும். ராத்திரி பத்து மணிக்கு என்னை எழுப்ப வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு கதையும் கேளுங்கள். சின்னமனூர் பக்கத்தில் ஒரு வாழை விவசாயி. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காய்ந்துகொண்டு வந்தன. போனில் படம் எடுத்து அனுப்பினார். "சாம்பல் சத்துக் குறைவு, பொட்டாஷ் போடவும்" என்று பதில் வந்தது. போட்டார். மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தார். "சார், போட்டும் கேக்கலையே?" போய்ப் பார்த்தேன். இலைகள் மட்டையோடு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்குகின்றன. தண்டின் அடியில் வெடிப்பு. கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு வளையம். அது வாடல் நோய்! மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிற பூஞ்சாணம். பொட்டாஷ் போட்டு அதை எப்படி நிறுத்துவது? மரத்தைக் கிழங்கோடு தோண்டி எடுத்து எரித்துவிட்டு, குழிக்கு ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு போடச் சொன்னேன். அந்தத் தோட்டத்துக் கன்றையும் மண்ணையும் மண்வெட்டியில்கூட ஒட்டிக்கொண்டு வெளியே போகக் கூடாது என்றேன். அதற்குள் பக்கத்துப் பாத்தியில் எட்டு மரத்துக்குப் பரவிவிட்டது.

போன் பொய் சொல்லவில்லை. அதற்குக் காட்டியது இலையை மட்டும். சத்துக் குறைவிலும் இலை ஓரம் மஞ்சளாகும். வாடல் நோயிலும் ஆகும். வேரைத் தோண்டிப் பார், தண்டை வெட்டிப் பார், போன வருஷம் இங்கே என்ன இருந்தது என்று கேள் என்று அதற்குத் தோன்றவில்லை. மூன்று வாரம் முந்தி நான் போயிருந்தாலும் பார்க்காமல் ஏமாந்திருக்கலாம். ஆனால் நான் மண்ணைத் தோண்டியிருப்பேன்.

ஆகவே என் வேலையிலும் ஒரு துண்டு போகிறது. பூச்சிக்குப் பெயர் சொல்வது போகும். தோட்டத்தில் நின்று தோண்டிப் பார்ப்பது நிற்கும். ஆபீசில் உட்கார்ந்து பட்டியல் நிரப்பிக்கொண்டே இருந்தால் நானும் அந்தக் கிட்டங்கி நிலைமைக்குத்தான் வருவேன்.

புதிதாக வரும் வேலைகள்

வேலை போவது மட்டும்தானா, வருவதே இல்லையா? வருகிறது. ஆனால் தானாகக் கதவைத் தட்டி வராது.

மருந்து அடிக்கும் டிரோனைப் பார்த்திருப்பீர்கள். நெல், மக்காச்சோளம் மாதிரித் திறந்த வெளிப் பயிரில் ஒரு ஏக்கரைப் பத்து நிமிஷத்துக்குள் அடித்துவிடும். திராட்சைப் பந்தலுக்கு அவ்வளவு ஒத்துவராது. அடிச்சாம்பல் நோய்க்கு இலையின் அடிப்பாகம் நனைய வேண்டும். மேலே பறந்து அடித்தால் அது நனையாது. டிரோன் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். பதினெட்டு வயது நிறைந்து, பத்தாம் வகுப்புப் பாஸ் பண்ணி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி முடித்தால் கிடைக்கும். 2023 நவம்பரில் மத்திய அரசு 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் தரும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். அந்தத் திட்டம் 2025-26 வரைக்கும் என்று போட்டது. இப்போது என்ன மானியம் இருக்கிறது என்று உங்கள் வட்டார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அறுப்பு மெஷினில் தவறவிட்டதை இதில் பிடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேலை, மெஷினுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. படத்தில் இது மாடு, இது சைக்கிள், இது களை என்று கோடு போட்டுப் பெயர் எழுதும் வேலை. நகரத்துக்குப் போகாமலே இதைச் செய்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த டெசிக்ரூ என்ற நிறுவனம் திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி மாதிரியான ஊரிலேயே கம்ப்யூட்டர் வேலை நடத்திக் காட்டியது. நெக்ஸ்ட்வெல்த் என்ற நிறுவனம் திருச்செங்கோடு பக்கத்தில் மல்லசமுத்திரத்தில் நடத்தியது. பிளஸ் டூ, டிகிரி படித்த கிராமத்துப் பெண்கள் இப்படிச் சம்பாதிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். எளிய பாடத்தை மெஷின் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடும். அப்புறம் அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டாம். இந்த வேலைக்குப் போகிற பிள்ளை அங்கேயே நின்றுவிடாமல் அடுத்த படிக்குப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில், விவசாயிகளுக்கு. போனில் வரும் யோசனையைக் கேளுங்கள். ஆனால் மருந்து வாங்கும் முன் வேரையும் தண்டையும் மண்ணையும் பாருங்கள். இலையின் மேல்புறம், அடிப்புறம், முழுச் செடி என்று மூன்று நான்கு படம் அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற எண்ணில், காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிக்குள், காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடியைக் கையோடு கொண்டு போய்க் காட்டலாம்.

இரண்டாவது, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு. எந்தப் படிப்பு என்பதோடு, அந்தப் படிப்பில் கையால் தொட்டு, இடத்துக்குப் போய், ஆளோடு பேசிச் செய்யும் பகுதி எவ்வளவு என்று கேளுங்கள். மோட்டார் பழுது பார்ப்பவர், நர்ஸ், குளிர்பதனக் கிட்டங்கி மெக்கானிக், கால்நடை மருத்துவர் இவர்களுக்கெல்லாம் ஏ.ஐ. உதவிக்கு வரும், இடத்தைப் பிடிக்க வராது.

மூன்றாவது, மெஷின் வாங்குகிற முதலாளிகளுக்கு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏலக்காயின் நிறம் வருஷம் முழுக்க ஒன்றாக இருக்காது. மழைக் காலத்துக் காய் ஒரு பச்சை. வறட்சிக் காலத்துக் காய் ஒரு பச்சை. உலர்த்தின சூட்டைப் பொறுத்து இன்னொரு பச்சை. லாட்டுக்கு லாட் மெஷினுக்கு மாதிரி காட்டித் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல காயும் கழிவில் போய் விழும். அந்த நஷ்டம் யார் தலையில்? உங்கள் தலையில்தான். கழிவுத் தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "இதுல பாதி நல்ல காயில்ல!" என்று சொல்லக்கூடிய கண் யாருடையது? இருபது வருஷம் சொளகு பிடித்தவருடையது. வெளியூரிலிருந்து பட்டன் அமுக்க ஒரு பையனைக் கூட்டி வருவதை விட, அந்த அம்மாவுக்கு ஒரு வாரம் பட்டனைச் சொல்லிக் கொடுப்பது லாபம். கூலியையும் மெஷின்காரர் கூலியாகக் கொடுங்கள். இது தர்மக் கணக்கு மட்டும் அல்ல, வியாபாரக் கணக்கும்தான்.

நான்காவது, வேலை செய்யும் தாய்மார்களுக்கு. உங்களுக்கு மெஷின் தெரியாது என்று யாராவது சொன்னால், காய் தெரியாத மெஷினால் என்ன பிரயோஜனம் என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் காதில் விழாது. மகளிர் குழுவாகக் கேளுங்கள். மெஷின் வருவதற்கு முன்னாலேயே கேளுங்கள். வந்து நின்ற பிறகு கேட்டால் இடம் நிரம்பிவிடும்.

அந்த அம்மாவுக்கு என்ன பதில்?

இந்தப் பேச்சுக்கு முன்னால் மறுபடி போடிக்குப் போனேன். அந்த அம்மாவிடம் நேரில் சொன்னேன்: "அம்மா, பொய் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பேர் பார்த்த வேலை திரும்ப வராது. ஆனா உங்க கண்ணுக்கு வேலை முடியல. மெஷின் தப்புப் பண்றப்ப அதைக் கண்டுபிடிக்கிறதுக்கு உங்களை மாதிரி ஒரு கண்ணு வேணும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மத்த ஒம்பது பேரு?" என்றார்.

அதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. சிலர் மலைக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு அதுவும் முடியாது. ஒரு குழுவாகச் சேர்ந்து கழிவுக் காயை வாங்கி, விதை எடுத்து, பொடி பண்ணி விற்கலாமா என்று பேச்சு நடக்கிறது. பாங்கில் கடன் கேட்க மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது ஒரு கிட்டங்கிக் கதை. நம் பள்ளத்தாக்கில் இன்னும் எத்தனை கிட்டங்கி, எத்தனை ஆபீஸ், எத்தனை மில் இருக்கிறது!

ஆகவே உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது இந்த ஒரு கேள்வியைப் போடுங்கள்: நம் ஊரில் எந்த வேலைக்கு மெஷின் கண் வரப்போகிறது, அந்த வேலையில் இன்றைக்கு இருப்பவர்கள் யார் யார்? பெயரை எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலோடு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். பயிற்சிக்கு ஏற்பாடு செய்வது எங்கள் பொறுப்பு. வெள்ளம் வந்த பிறகு கரை கட்ட முடியாது என்பது ஆற்றங்கரைக்காரர்களான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.